ஃபிஃப்த் வீல் கேம்பரை பிக்கப் டிரக்கில் பாதுகாப்பாக மாட்டுவது எப்படி? 'கிளிக்' சத்தத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும்?

டிரக் முன்னே நகர்கிறது. பின்னால் வர வேண்டிய ஐந்து டன் வீடு நின்ற இடத்திலேயே நிற்கிறது. அடுத்த நொடி, அதன் மூக்குப் பகுதி அப்படியே கீழே இறங்கி டிரக்கின் பக்கச் சுவர்களை நசுக்குகிறது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 'ஃபிஃப்த் வீல்' கேம்பர் இழுத்துச் செல்பவர்கள் அதிகம் பயப்படும் காட்சி இதுதான். கேம்ப் கிரவுண்டில் நடந்தால் டிரக் சேதத்தோடு போகும். ஹைவேயில் நடந்தால் பின்னால் வருபவர்களின் உயிருக்கே ஆபத்து.

பெரும்பாலும் இதற்குக் காரணம் இயந்திரக் கோளாறு அல்ல. மாட்டும்போது விட்ட ஒரே ஒரு ஸ்டெப். டல்லாஸ், சியாட்டில், டொராண்டோ என்று வேலைக்குப் போன நம்மவர்களும் நீண்ட வார இறுதிகளில் நண்பர்களோடு கேம்பிங் கிளம்புகிறார்கள். யூடியூப்பில் இரண்டு நிமிட வீடியோ பார்த்தால் 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். வேலை அவ்வளவுதான். ஆனால் அதன் வரிசை மாறக்கூடாது. ஏன் என்று விளக்கமாகப் பார்ப்போம்.

ஃபிஃப்த் வீல் என்றால் என்ன?

சாதாரண டிராவல் டிரெய்லர், வண்டியின் பின் பம்பருக்குக் கீழே இருக்கும் ஒரு இரும்புப் பந்தில் மாட்டப்படும். ஃபிஃப்த் வீல் கேம்பர் அப்படி இல்லை. அதன் முன்பகுதி, பிக்கப் டிரக்கின் சரக்குத் தொட்டிக்கு மேலே வந்து உட்காரும். தொட்டிக்குள், பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால், குதிரை லாட வடிவில் வாய் திறந்த ஒரு தட்டு பொருத்தப்பட்டிருக்கும். அதுதான் ஹிட்ச். கேம்பரின் மூக்குக்கு அடியில் 2 அங்குல விட்டம் கொண்ட ஓர் இரும்புத் தண்டு தொங்கும். அதுதான் கிங்பின். அது இந்தத் தட்டின் வாய்க்குள் நுழைந்ததும் உள்ளே இருக்கும் தாடைகள் அதைக் கவ்விக்கொள்ளும்.

நமக்கு இது புதுசு இல்லை. சென்னை துறைமுகத்துக்கும் மணலிக்கும் இடையே ஓடும் கன்டெய்னர் டிரெய்லர்களைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் இருக்கும் டிராக்டர் ஹெட்டும் பின்னால் இருக்கும் நீளமான டிரெய்லரும் இணையும் இடத்தில் கிரீஸ் பூசிய கறுப்புத் தட்டு ஒன்று இருக்கும். அதுவும் ஃபிஃப்த் வீல்தான். அளவுதான் பெரிது, தத்துவம் ஒன்றே.

ஏன் 'ஐந்தாவது சக்கரம்'?

பெயர் வந்தது குதிரை வண்டிக் காலத்தில். நான்கு சக்கர வண்டியின் முன் அச்சு இடமும் வலமும் திரும்புவதற்காக, அதன் மேல் படுக்கை வாட்டத்தில் ஒரு வளையம் வைத்தார்கள். பார்க்க ஐந்தாவது சக்கரம் மாதிரி இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னர் லாரிகளுக்கும் அதே பெயர் வந்தது. 1920-களில் விமானத் துறை முன்னோடி கிளென் கர்டிஸ், 'ஏரோகார்' என்ற பெயரில் காரோடு இணைக்கும் பயண வீடுகளைத் தயாரித்தார். இன்றைய ஃபிஃப்த் வீல் கேம்பர்களின் முன்னோடி என்று அதைச் சொல்லலாம்.

இதில் என்ன வசதி? என்ன ஆபத்து?

கேம்பரின் எடை டிரக்கின் வால் நுனியில் தொங்காமல் பின் ஆக்ஸில் மீது நேரடியாக இறங்குகிறது. அதனால் பக்கக் காற்று அடித்தாலும், பெரிய லாரி ஓவர்டேக் செய்தாலும், டிரெய்லர் வால் ஆட்டுவது மிகவும் குறைவு.

ஆனால் அதே காரணத்தால் டிரக் சுமக்க வேண்டிய எடை கூடுகிறது. சாதாரண டிரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம்தான் டிரக் மீது இறங்கும். ஃபிஃப்த் வீலில் அது 15 முதல் 25 சதவீதம். இதை 'பின் வெயிட்' என்கிறார்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

முதலில் கணக்கு: உங்கள் டிரக் தாங்குமா?

"இந்த டிரக் 11,000 பவுண்ட் இழுக்கும் சார்" என்று விற்பவர் சொல்வார். அது இழுவைத் திறன். நீங்கள் பார்க்க வேண்டிய முதல் எண் அது இல்லை. டிரைவர் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதுதான் பேலோட். பெரும்பாலும் இழுவைத் திறனுக்கு முன்பாக பேலோட்தான் தீர்ந்துபோகும்.

ஒரு உதாரணம். எல்லாம் ஏற்றிய பிறகு கேம்பரின் எடை 12,000 பவுண்ட் (சுமார் 5,440 கிலோ) என்று வைத்துக்கொள்வோம்.

- பின் வெயிட் 20 சதவீதம் என்றால்: 2,400 பவுண்ட்
- ஹிட்ச் தட்டின் எடை: சுமார் 180 பவுண்ட்
- இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள்: சுமார் 500 பவுண்ட்
- டூல் பாக்ஸ், கூலர், இதர சாமான்: சுமார் 200 பவுண்ட்

மொத்தம் 3,280 பவுண்ட். 'ஹாஃப் டன்' என்று அழைக்கப்படும் சாதாரண பிக்கப்களின் பேலோட் பெரும்பாலும் 1,500 முதல் 2,000 பவுண்ட் அளவில்தான் இருக்கும். ஆக, அந்த டிரக்கால் இந்த கேம்பரை இழுக்க முடிந்தாலும் சுமக்க முடியாது. இதற்கு 'முக்கால் டன்' அல்லது 'ஒரு டன்' வகை டிரக் வேண்டும். அதிலும் மாடலுக்கு மாடல் எண் மாறும். ஒரே பெயர் கொண்ட டிரக்கில்கூட டீசல் இன்ஜின், சன்ரூஃப் என்று சேர்க்கச் சேர்க்க பேலோட் குறையும். அதனால் பிரோஷரைப் பார்க்காதீர்கள், கதவில் இருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள்.

இன்னொரு பொறி, 'டிரை வெயிட்'. தண்ணீர், கேஸ், பாத்திரம், துணிமணி எதுவும் இல்லாத வெறும் கேம்பரின் எடை அது. 50 கேலன் தண்ணீர் நிரப்பினாலே 417 பவுண்ட் கூடிவிடும். கணக்குப் போடும்போது, கேம்பரின் ஸ்டிக்கரில் உள்ள அதிகபட்ச அனுமதி எடையான ஜி.வி.டபிள்யூ.ஆர். எண்ணை எடுத்துக்கொள்வதே நல்லது.

சந்தேகம் இருந்தால் எடை போட்டுப் பார்த்துவிடலாம். அமெரிக்க ஹைவேகளில் உள்ள டிரக் ஸ்டாப்களில் பொது எடைமேடைகள் உண்டு. டிரக்கை மட்டும் தனியாக ஒருமுறை, கேம்பரோடு சேர்த்து ஒருமுறை எடை போடுங்கள். இரண்டாவது முறை டிரக்கின் இரு ஆக்ஸில்கள் காட்டும் மொத்த எடையில் இருந்து முதல் எடையைக் கழித்தால் வருவதுதான் உண்மையான பின் வெயிட்.

ஹிட்ச் எதில் பொருத்தப்பட்டிருக்கிறது?

டிரக் தொட்டியின் தகட்டில் மட்டும் போல்ட் போட்டு ஹிட்ச் பொருத்தினால் போதாது. அந்தச் சுமை தகட்டின் வழியாக இறங்கி, அடியில் உள்ள சேஸிஸ் ஃபிரேமைச் சேர வேண்டும். சில டிரக்குகளில் கம்பெனியிலேயே இதற்கான துளைகளும் அடிச்சட்டமும் போட்டுத் தருகிறார்கள். இல்லாவிட்டால் அனுபவம் உள்ள கடையில் தண்டவாளம் போன்ற இரண்டு ரெயில்களைப் பொருத்திக்கொள்ளலாம்.

தொட்டி நீளமும் முக்கியம். 8 அடி தொட்டியில் பிரச்சினை குறைவு. ஐந்தரை, ஆறரை அடி தொட்டி என்றால், கூர்மையாகத் திரும்பும்போது கேம்பரின் மூலை டிரக்கின் பின் கண்ணாடியில் இடிக்கலாம். இதற்காகவே, தேவைப்படும்போது பின்னால் நகரும் 'ஸ்லைடர்' ஹிட்ச்கள் உள்ளன.

மாட்டிய பிறகு, தொட்டியின் பக்கச் சுவருக்கும் கேம்பரின் அடிப்பகுதிக்கும் இடையே குறைந்தது ஐந்தரை முதல் ஆறு அங்குல இடைவெளி வேண்டும். மேடு பள்ளத்தில் டிரக் ஒரு பக்கமும் கேம்பர் இன்னொரு பக்கமும் சாயும்போது இந்த இடைவெளிதான் காப்பாற்றும்.

மாட்டும் முறை: ஸ்டெப் பை ஸ்டெப்

ஒவ்வொரு ஹிட்ச்சுக்கும் அதன் கையேடு சொல்வதே இறுதி. எல்லா வகைகளுக்கும் பொதுவான வரிசை இது.

1. சக்கரத்துக்குக் கட்டை

நம்மூரில் லாரியை நிறுத்தினால் டயருக்கு அடியில் கல்லோ கட்டையோ வைப்பார்களே, அதேதான். கேம்பரின் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும், முன்னாலும் பின்னாலும் வையுங்கள். கேம்பரின் எலெக்ட்ரிக் பிரேக்குக்கு டிரக்கில் இருந்துதான் உத்தரவு வர வேண்டும். தனியாக நிற்கும்போது அதைப் பிடித்து வைத்திருப்பது இந்தக் கட்டைகள் மட்டுமே. கடைசி ஸ்டெப் வரை இவற்றை எடுக்கக்கூடாது.

2. தொட்டியையும் டெயில்கேட்டையும் பாருங்கள்

தொட்டிக்குள் விறகு, நாற்காலி, சைக்கிள் எதுவும் ஹிட்ச்சுக்குக் குறுக்கே இருக்கக்கூடாது. டெயில்கேட்டை இறக்கிவிடுங்கள். டெயில்கேட்டை மூடியபடியே ரிவர்ஸ் வந்து கிங்பின்னில் மோதுவது மிகவும் சாதாரணமாக நடக்கும் தவறு.

ஹிட்ச் தட்டில் கிரீஸ் இருக்கிறதா, அல்லது கிங்பின்னில் பிளாஸ்டிக் வளையம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு இரும்புத் தட்டுகள் உராயும் இடம் அது.

3. தாடையைத் திறங்கள்

ஹிட்ச்சின் கைப்பிடியை இழுத்துத் திறந்த நிலையில் வையுங்கள். குனிந்து, உள்ளே தாடைகள் உண்மையிலேயே திறந்திருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். விரலை உள்ளே விடாதீர்கள்.

4. உயரத்தைச் சரிசெய்யுங்கள்: மிக முக்கியமான ஸ்டெப்

கேம்பரின் முன்பக்கத்தில் மேலே கீழே இயங்கும் இரண்டு கால்கள் உண்டு. அவற்றின் பெயர் லேண்டிங் கியர். அவற்றை இயக்கி, கேம்பரின் கிங்பின் தட்டு ஹிட்ச் தட்டை விட அரை முதல் ஒரு அங்குலம் தாழ்வாக இருக்கும்படி வையுங்கள்.

ஏன் தாழ்வாக? டிரக் பின்னால் வரும்போது, பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும் ஹிட்ச் தட்டு, கேம்பரின் தட்டுக்கு அடியில் புகுந்து அதை லேசாகத் தூக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு தட்டுகளும் ஒட்டி உட்காரும், கிங்பின்னும் முழு ஆழத்துக்கு இறங்கியிருக்கும்.

கேம்பர் உயரமாக இருந்தால்? கிங்பின்னின் நுனி மட்டும் தாடைக்குள் போகும். தாடை மூடும். 'கிளிக்' சத்தமும் கேட்கும். கைப்பிடியும் பூட்டிய நிலைக்கு வந்த மாதிரியே தெரியும். ஆனால் தாடை கவ்வியிருப்பது கிங்பின்னின் நடுக் கழுத்தை அல்ல, நுனியைத்தான். முதல் ஸ்பீட் பிரேக்கரிலோ, முதல் மேட்டிலோ அது நழுவிவிடும். இதை 'ஹை ஹிட்ச்' என்கிறார்கள். கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த விபத்துக்கு முக்கியமான காரணம் இதுதான்.

5. நேராக, மெதுவாக ரிவர்ஸ்

டிரக்கை கேம்பருக்கு நேர்க்கோட்டில் கொண்டு வாருங்கள். கோணலாக வந்தால் தாடை சரியாக மூடாமல் போகலாம்.

உதவிக்கு ஒருவர் இருந்தால் நல்லது. ஆனால் நம்மூர் கிளீனர் மாதிரி "வரலாம், வரலாம்" என்று தட்டிக்கொண்டே டிரக்குக்கும் கேம்பருக்கும் நடுவே நிற்கக் கூடாது. பக்கவாட்டில், டிரைவரின் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். கைச் சைகைகளை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக ஒரு விதி: அவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் டிரைவர் உடனே நிறுத்திவிட வேண்டும்.

பாதி தூரத்தில் ஒருமுறை இறங்கி உயரத்தைச் சரிபாருங்கள். பிறகு மெல்ல வந்து மாட்டுங்கள். கிங்பின் உள்ளே போய் முட்டுவது தெரியும். பார்க்கில் போட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குங்கள்.

6. கண்ணால் பாருங்கள்

சத்தத்தை நம்பாதீர்கள். கைப்பிடியை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். பகலாக இருந்தாலும் மொபைல் டார்ச்சை எடுங்கள்.

- இரண்டு தட்டுகளுக்கும் இடையே வெளிச்சம் ஊடுருவுகிறதா? இடைவெளி தெரிந்தால் அது ஹை ஹிட்ச். கழற்றி, உயரத்தைக் குறைத்து மறுபடி மாட்டுங்கள்.
- தாடைகள் கிங்பின்னைச் சுற்றி முழுவதும் மூடியிருக்கின்றனவா?
- கைப்பிடி முழுவதும் பூட்டிய இடத்துக்கு வந்திருக்கிறதா?

மூன்றும் சரி என்றால் கைப்பிடியில் சேஃப்டி பின் அல்லது பூட்டு போடுங்கள். பின் துளைக்குள் போக மறுத்தால் தட்டித் திணிக்காதீர்கள். பூட்டு சரியாக விழவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது.

7. மின் கேபிள், பிரேக்-அவே வயர்

ஏழு முனை கொண்ட மின் கேபிளை டிரக்கில் சொருகுங்கள். கேம்பரின் பிரேக், இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் இதன் வழியாகத்தான் வேலை செய்யும்.

அடுத்து பிரேக்-அவே வயர். மெல்லிய இரும்புக் கயிறு போல இருக்கும். கேம்பர் டிரக்கை விட்டுப் பிரிந்தால், இந்த வயர் ஒரு பின்னை இழுக்கும். உடனே கேம்பரில் உள்ள பேட்டரி, அதன் பிரேக்குகளை முழு வேகத்தில் போடும். இதுதான் கடைசிப் பாதுகாப்பு.

இதை ஹிட்ச்சிலேயே மாட்டுவது பெரிய தவறு. ஹிட்ச் டிரக்கை விட்டுப் பிய்த்துக்கொண்டு போனால் வயரும் கூடவே போய்விடும், பிரேக் விழாது. டிரக்கின் உடலில் உறுதியான ஓர் இடத்தில் மாட்டுங்கள். திருப்பங்களில் இழுபடாத அளவு நீளமும் இருக்க வேண்டும். கேம்பர் பேட்டரி சார்ஜ் இல்லாமல் இருந்தால் இந்த ஏற்பாடே வீண்.

8. இழுத்துப் பார்க்கும் சோதனை

முன்கால்களைத் தரையில் இருந்து ஓர் அங்குலம் மட்டும் தூக்குங்கள். இப்போது முழு எடையும் டிரக் மீது இறங்கும், டிரக்கின் பின்பகுதி தாழும். தட்டுகளுக்கு இடையே மறுபடியும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

இப்போது டிரக்கில் ஏறுங்கள். சக்கரக் கட்டைகள் அப்படியே இருக்கட்டும். டிரக்கில் உள்ள பிரேக் கன்ட்ரோலரின் நெம்புகோலைக் கையால் அழுத்தி, கேம்பரின் பிரேக்கை மட்டும் போடுங்கள். டிரைவ் கியரில் மெதுவாக முன்னே இழுங்கள். டிரக் நகராமல் திணறினால் பூட்டு பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

கால்களை முழுவதும் தூக்காமல் ஏன் இந்தச் சோதனை? ஒருவேளை பூட்டு விழாமல் டிரக் நழுவிப் போனாலும், கேம்பர் ஓர் அங்குலம் மட்டுமே இறங்கி அதன் கால்களில் நின்றுவிடும். டிரக் தப்பிக்கும். கால்களை முதலிலேயே முழுவதும் மடக்கிவிட்டால், அது டிரக்கின் மீதுதான் விழும். இந்த வரிசை மாறக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

9. கடைசிச் சுற்று

முன்கால்களை முழுவதும் ஏற்றுங்கள். டெயில்கேட்டை மூடுங்கள். படிக்கட்டு, ஜன்னல், ஸ்லைடு அவுட் அறைகள், கூரை ஆன்டெனா எல்லாம் உள்ளே போயிருக்கின்றனவா? தண்ணீர்க் குழாய், மின் இணைப்பு கழற்றியாச்சா? ஒருவரைப் பின்னால் நிற்க வைத்து இண்டிகேட்டர், பிரேக் லைட் சரிபாருங்கள். டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் அளந்து பாருங்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் சக்கரக் கட்டைகளை எடுக்க வேண்டும்.

கேம்ப் கிரவுண்டை விட்டு வெளியேறும் முன், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, கன்ட்ரோலரால் கேம்பர் பிரேக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். கேம்பர் டிரக்கைப் பின்னால் இழுத்துப் பிடிப்பது தெரிய வேண்டும்.

நடுவில் யாராவது பேசினால்?

அனுபவசாலிகள் சொல்லும் ஒரு நல்ல பழக்கம் இது. பாதி வேலையில் இருக்கும்போது பக்கத்து சைட்காரர் வந்து "எந்த ஊர்?" என்று பேச ஆரம்பிப்பார், போன் வரும், குழந்தை கூப்பிடும். திரும்பி வரும்போது 'சேஃப்டி பின் போட்டோமா, இல்லையா?' என்று குழப்பமாக இருக்கும். 'போட்டிருப்போம்' என்று கிளம்பாதீர்கள். வண்டியை எடுக்கும் முன் எல்லாவற்றையும் முதலில் இருந்து சரிபாருங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இருவர் சேர்ந்து செய்தால் யார் எதைச் செய்வது என்று பிரித்துக்கொள்ளுங்கள். 'நீ பார்த்திருப்பேன்னு நான் நினைச்சேன்' என்பதில்தான் பல விபத்துகள் தொடங்குகின்றன. லிஸ்ட்டை பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து டிரக்கில் வைத்துக்கொள்வது எளிய வழி.

ரோட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

- முதல் நிறுத்தம்: கிளம்பிய 15, 20 கிலோமீட்டரில் ஒருமுறை ஓரம்கட்டி பூட்டு, கேபிள், வீல் நட்டுகளைப் பாருங்கள். ஏதாவது ஒரு சக்கரத்தின் ஹப் மட்டும் அதிகமாகச் சுட்டால் பேரிங் அல்லது பிரேக்கில் பிரச்சினை.
- திருப்பம்: கேம்பரின் பின்சக்கரங்கள் டிரக் போன பாதையில் வராது, உள்பக்கமாக வெட்டும். அகலமாக வளைத்துத் திரும்புங்கள். பெட்ரோல் பங்க் தூண்களில் இடிப்பது இதனால்தான்.
- உயரம்: பல ஃபிஃப்த் வீல்கள் 12, 13 அடிக்கும் மேல் உயரம் கொண்டவை. உங்கள் கேம்பரின் உயரத்தை அளந்து டிரக்கின் டேஷ்போர்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். கார்களுக்கான மேப் செயலி தாழ்வான பாலத்தைக் கணக்கில் எடுக்காது.
- வேகம்: டிரெய்லர் டயர்கள் சிலவற்றுக்கு மணிக்கு 65 மைல்தான் வரம்பு, டயரின் விவரத்தைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்குச் சட்டப்படியான உச்ச வேகமே 55 மைல்.
- ரிவர்ஸ்: ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேம்பரின் பின்பகுதி எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும்.

கழற்றும்போது?

சமதளமான இடம் பாருங்கள். முதல் வேலை சக்கரக் கட்டைகள். பிறகு டெயில்கேட்டை இறக்கி, முன்கால்களை இறக்கி, டிரக் மீதான எடையைக் குறையுங்கள். அந்த உயரத்தைக் குறித்து வைத்துக்கொண்டால் மறுபடி மாட்டும்போது உதவும். மின் கேபிளையும் பிரேக்-அவே வயரையும் கழற்றுங்கள். கைப்பிடி இழுக்க வராவிட்டால் சுத்தியலால் அடிக்க வேண்டாம். டிரக்கை ஒரு நூல் அளவு பின்னே தள்ளினால் தாடையின் மீதுள்ள அழுத்தம் குறைந்து கைப்பிடி வரும். கடைசியாக டிரக்கை மெதுவாக முன்னே எடுங்கள்.

இங்கே நடக்கும் தவறுகள் மூன்று: கட்டை வைக்க மறப்பது, கேபிளைக் கழற்ற மறந்து பிய்ப்பது, டெயில்கேட்டை இறக்காமல் முன்னே எடுப்பது.

அடிக்கடி எழும் கேள்விகள்

*வாடகை பிக்கப்பில் மாட்டலாமா?*
சாதாரண கார் வாடகை நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் டிரெய்லர் இழுப்பதை அனுமதிப்பதில்லை. மீறி இழுத்து விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிடலாம். டோயிங் அனுமதியோடு, ஹிட்ச் பொருத்தியே டிரக் தரும் இடங்களைத் தேடுங்கள். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

*தனி லைசென்ஸ் வேண்டுமா?*
மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 10,000 பவுண்டுக்கு மேல் 15,000 வரையிலான ஃபிஃப்த் வீல் கேம்பருக்குச் சாதாரண லைசென்ஸில் கூடுதல் அனுமதி பெற வேண்டும். அதற்கும் மேல் என்றால் லைசென்ஸ் வகையே மாறும். நீங்கள் இருக்கும் மாநிலத்தின் வாகனத் துறை இணையதளத்தைப் பாருங்கள்.

*ஓடும்போது கேம்பருக்குள் உட்காரலாமா?*
சில மாநிலங்கள் நிபந்தனைகளோடு அனுமதிக்கின்றன. ஆனால் சட்டம் அனுமதித்தாலும் உள்ளே சீட் பெல்ட் கிடையாது. குழந்தை தூங்குகிறது என்று உள்ளே படுக்க வைக்காதீர்கள். டிரக்கில், கார் சீட்டில் இருப்பதுதான் பாதுகாப்பு.

*இந்தியாவில் இது உண்டா?*
கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்த பிறகு இந்தச் சொல் இங்கே பரவலானது. ஆனால் இங்கே ஓடுபவை பெரும்பாலும் வேன், பஸ் சேஸிஸில் கட்டிய கேரவன்கள். இன்ஜினும் வீடும் ஒரே வண்டியில் இருக்கும், மாட்டிக் கழற்றும் வேலை இல்லை. இங்கே விற்கும் ஹைலக்ஸ், வி-கிராஸ் போன்ற பிக்கப்கள் ஐந்து டன் ஃபிஃப்த் வீலுக்கு ஏற்றவை அல்ல.

ஒரே பார்வையில்

கட்டை வை. டெயில்கேட்டை இறக்கு. தாடையைத் திற. உயரத்தைத் தாழ்த்து. நேராக ரிவர்ஸ் எடு. டார்ச் அடித்துப் பார். பின் போடு. கேபிளும் பிரேக்-அவே வயரும் மாட்டு. காலை ஓர் அங்குலம் தூக்கி இழுத்துப் பார். காலை ஏற்று, டெயில்கேட்டை மூடு. லைட் பார். கடைசியில் கட்டையை எடு.

முதல் சில தடவை அரை மணி நேரம் ஆகும். கேம்ப் கிரவுண்டில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பின்னால் ஒருவர் ஹார்ன் அடிப்பார். அடிக்கட்டும். டிரக்குக்குப் பின்னால் வரப்போவது ஐந்து டன் எடை. அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் தன் குடும்பத்தோடு காரில் வரப்போகிறார். அந்த டார்ச்சை இன்னொரு தடவை அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.